சுயம்புக்கனியின் கால்வலி

சுயம்புக்கனிக்குக் கால் வலித்தால் அது எனக்குத்தான் தெரியும். அவளுக்குத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் அவளை அப்படிக் கரித்துக்கொட்டினேன் என்பது உங்களுக்கு விளங்காது, என்னைத்தான் பொல்லாதவள் என்பீர்கள்.

நாங்கள் இருவரும் தென்காசிப் பக்கம். அவள் கடையநல்லூர், நான் பாவூர்சத்திரம். என் பெயர் உலகம்மாள். சென்னையில் பூங்காவனம் மலிவு மாளிகைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே வரிசையில் நின்று, ஒரே நாளில் சேர்ந்தவர்கள். நேர்காணல் செய்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "சிரி" என்றார். சிரித்தாள். என்னையும் சிரிக்கச் சொன்னார். எனக்கு முன்பல் கொஞ்சம் தூக்கல். "இந்தப் பிள்ளை தளத்துக்கு, அந்தப் பிள்ளை பேக்கிங்குக்கு" என்று முடித்துவிட்டார். நான் பி.காம்., முதல் வகுப்பு. அவள் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவள். அதையெல்லாம் யார் கேட்டார்கள்? பல்லைத்தான் பார்த்தார்கள்.

தளம் என்றால் கீழே ஏழு மாடிகளிலும் வாடிக்கையாளர் முன்னால் நிற்கிற வேலை. பேக்கிங் என்றால் எட்டாவது மாடியில், ஜன்னல் இல்லாத கூடத்தில், வீட்டிலிருந்தே வாங்குகிறவர்களுக்கு உட்கார்ந்து பெட்டி கட்டுகிற வேலை. துணி மடிக்க, எடுத்துக் காட்ட, பில் போட எல்லாவற்றுக்கும் இயந்திரம் வந்துவிட்ட காலம் இது. மற்ற கடைகளில் ஆளே கிடையாது. பூங்காவனத்தில் மட்டும் பிள்ளைகள் நிற்கிறார்கள், கூட்டமும் அங்கேதான் அள்ளுகிறது. நம் ஜனங்களுக்குப் புடவை எடுக்க வந்தால் எதிரே ஒரு பிள்ளை வேண்டும். அலமாரியில் பாதியைப் பிரித்துப் போட்டுவிட்டு, "இதே கரையில வேற கலர் காட்டும்மா" என்றால் அவள் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்ட வேண்டும். இயந்திரத்திடம் அந்தச் சுகம் கிடைக்காது.

நாள் பூராவும் நிற்கிற பிள்ளைக்கு முகம் சுளிக்கத்தான் செய்யும். நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, கடையும் ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும் ஒன்று போட்டது. ஆனால் பிள்ளை உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் அடுத்த கவுண்டருக்கு நகர்ந்துவிடுகிறார் என்று முதலாளி கண்டுபிடித்தார். உட்காராதே என்று சொன்னால் சட்டம் பாயும். உட்காரவே தோன்றாமல் செய்துவிட்டால் யார் என்ன கேட்க முடியும்?

அதற்கு வந்ததுதான் பட்டை. தளத்துப் பிள்ளைக்கு இடுப்பில் ஒன்று, எனக்குப் பிடரியில் ஒன்று. மாட்டிவிட வந்தவர் ஹரிஹரன் சார், பொறியாளர், நல்ல மாதிரி. பயந்துபோய் உட்கார்ந்திருந்த என்னிடம் பொறுமையாகத்தான் விளக்கினார்.

"ரொம்ப சிம்பிள்மா. கீழ நிக்கற பொண்ணுக்குக் கால் களைச்சுப் போச்சுன்னா, கால்லேர்ந்து மூளைக்கு ஒரு சேதி போகும். அதை இடுப்புகிட்டயே மடக்கி, உன் மூளைக்கு அனுப்பிடறோம். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்ப அவ காலுக்கு ஒண்ணும் ஆவாதா சார்?"

"ஆகும். வீங்கறது, நரம்பு சுருட்டிக்கறது எல்லாம் அவ கால்லதான் நடக்கும். அது உனக்கு வராது, பயப்படாதே. வலி மட்டும்தான் உனக்கு."

"எனக்கு எதுக்கு சார் அது?"

அவருக்கே அந்தக் கேள்வி கொஞ்சம் விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். "நீ உட்கார்ந்துதானே பேக் பண்றே? கைக்குத்தானே வேலை? உன் கால் சும்மாதானே இருக்கு" என்றார்.

என் வேலைக்குத் தாங்குநர் என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் தாங்கி என்போம். ஒரு தளத்துப் பிள்ளைக்கு ஒரு தாங்கி. யாருடைய வலி யாருக்கு என்பதில் ஒளிவுமறைவு இல்லை, சுவரிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். சுயம்புக்கனிக்கு உலகம்மாள். அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு யாருடைய காலாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

மற்றவளின் கால்வலி எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். உங்கள் கால்வலி மாதிரியேதான் இருக்கும். ஆனால் உங்கள் வலிக்கு ஒரு காரணம் இருக்கும், இங்கே நடந்தேன், அங்கே ஏறினேன் என்று. எனக்கு ஒன்றும் இருக்காது. நான் பாட்டுக்கு நாற்காலியில் உட்கார்ந்து பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருப்பேன். பத்து மணி வாக்கில் குதிகால் விண்ணென்று தெறிக்கத் தொடங்கும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். விரல்களில் மட்டும் சுருக்கென்றால் மேல்தட்டிலிருந்து பட்டு எடுக்கிறாள். முட்டி கடுத்தால் படி ஏறுகிறாள். அவளுடைய நாள் முழுவதும் எனக்குக் கால் வழியாகவே தெரியும். ஆனால் அவளிடம் புடவை வாங்குகிறவர்கள் "கனி இல்லையா?" என்று பெயர் சொல்லித் தேடி வருகிறார்களே, அது எனக்கு வராது. கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகை வைக்கிறார்கள், அதுவும் வராது. வலி மட்டும் தவறாமல் மாடியேறி வந்துவிடும்.

அவள் படத்தை பஸ் நிறுத்தத்தில் பெரிதாகப் போட்டு, "களைப்பறியாப் புன்னகை" என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் எல்லோரும் தங்கியிருந்த கடை ஹாஸ்டலுக்கு நடக்கும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் நின்று பார்த்துவிட்டு, "எவ்வளவு லட்சணமா இருக்கா பாரேன்" என்பார்கள். என்னால் நிற்க முடியாது. கால் வலி.

தீபாவளிக்கு மறுநாள் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். வருஷத்தில் கடைக்கு விடுமுறை என்றால் அன்றைக்குத்தான். பட்டையைக் கழற்றிவிடலாம், ஆனால் தளத்துப் பிள்ளைகளுக்குக் கால் உணர்வு உடனே திரும்பாது, நாங்கள் வாங்கிய வலியும் உடனே போய்விடாது. நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு சுருண்டு கிடந்தேன். ஹாஸ்டல் கூடத்தில் பாட்டுப் போட்டார்கள். தளத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஆடினார்கள், நடுவில் சுயம்புக்கனி. பண்டிகைக் கூட்டத்துக்கெல்லாம் ஈடுகொடுத்தவள் துள்ளித் துள்ளி ஆடினாள். ஆடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவளுடைய களைப்பை நான் படுத்துக்கொண்டு அனுபவிக்கும்போது, அவள் என் தெம்பை எடுத்துக்கொண்டு ஆடுவதுபோல் இருந்தது. வயிறு எரிந்தது என்று சொன்னால் குறைவு.

ஆட்டம் முடிந்ததும் என் கட்டிலுக்கு வந்தாள். வியர்வையோடு தரையிலேயே உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ரொம்ப வலிக்கா?" என்றாள்.

"உனக்கு என்னட்டி அதப் பத்தி? ராணி நீ, ஆடு."

"இல்லட்டி, எப்ப ரொம்ப வலிக்குன்னு சொல்லு. எனக்குத்தான் தெரிய மாட்டேங்கே."

"தெரிஞ்சு என்ன செய்யப் போற? வந்து அமுக்கி விடப் போறியா?"

அவள் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "மத்தியானமாட்டி?" என்று மறுபடி கேட்டாள். நான் தொலையட்டும் என்று, "ஆமா. மத்தியானமும் சாயங்காலமும். போயி படத்துக்குச் சிரி" என்றேன். எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வாரத்திலிருந்து புதிதாக ஒன்று நடந்தது. மத்தியானம் வலி உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் திடீரென்று வடிந்துவிடும். சாயங்காலமும் அப்படித்தான். கொஞ்ச நேரம்தான், பிறகு பழையபடி ஏறும். எனக்கு உடனே மூக்கு வியர்த்தது. நிற்கிற பிள்ளைக்கு வலி வடிகிறது என்றால் எங்கேயோ உட்காருகிறாள் என்று அர்த்தம். எங்கே உட்காருவாள்? தளத்தில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் தங்கவேல் அண்ணாச்சி சும்மா விடுவாரா? மேனேஜர் அறையில் குளுகுளுவென்று சோபா இருக்கிறது. அங்கேதான். விளம்பரப் படத்துக்காரிக்கு அங்கே பழரசமும் கொடுப்பார்களாக இருக்கும். நான் இங்கே டேப் ஒட்ட, அவள் அங்கே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். இப்படி நினைத்து நினைத்து, வலி இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில்கூட நான் நிம்மதியாக இருந்ததில்லை.

இதற்கிடையில் கடையைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்து டிவியில் தினமும் விவாதம். தொழிற்சங்கக்காரர் ஒருவர், "ஒரு பெண்ணின் வலியை எடுத்து இன்னொரு பெண்ணின் தலையில் வைக்க இவர்கள் யார்?" என்று கேட்டார். கடையின் சார்பில் கோட்டுப் போட்ட ஒருவர் அமைதியாகப் பதில் சொன்னார். "எங்கள் கடையில் நிற்கிறவர்களுக்கு வலியில்லை. வலிக்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டம் கேட்பது இதைத்தானே?" நாங்கள் சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே பார்த்தோம்.

கடைசியில் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழு போட்டது. குழு கடைக்கே வந்து பார்க்கப் போகிறது என்றார்கள். அதற்கு முந்தின நாள் தங்கவேல் அண்ணாச்சி எட்டாவது மாடிக்கு ஏறி வந்து, "உலகு, இங்க வா" என்றார்.

போனேன்.

"நாளையில இருந்து நீ தளத்துக்கு. மூணாவது மாடி, பட்டு செக்சன்."

"அது சுயம்புக்கனி எடம்லா அண்ணாச்சி?"

"அவ மேல வாரா. ஒனக்கு அவதான் தாங்கி. மாத்திப் போட்டாச்சு."

எனக்குச் சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். ஏன் மாற்றினார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. கேட்பானேன்? இத்தனை நாள் கழித்துக் கண் திறந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒண்ணு சொல்லுதேன், நல்லாக் கேட்டுக்கோ," என்றார் அண்ணாச்சி. "நீ படிச்ச பிள்ளை, தாங்கியாவும் இருந்திருக்க. அதான் ஒன்னய முன்னால நிறுத்துதோம். நாற்காலியெல்லாம் ஏன் சும்மா கெடக்குன்னு குழுவுல வார மேடம் கேப்பாவ. களைப்பே தெரியல மேடம், அதான் உக்காரலன்னு சொல்லணும். பொய் சொல்லச் சொல்லல, உண்மையைத்தான் சொல்லச் சொல்லுதேன். ஒழுங்காச் சொன்னன்னா தளத்துலயே இருந்துக்கலாம். ஒளறுனன்னா சாயங்காலமே மேல வந்து பெட்டி கட்டு."

"ஒளற மாட்டேன் அண்ணாச்சி" என்றேன். ஊருக்குத் திரும்பினால் மடியில் பீடி சுற்றுகிற தட்டுதான். மேலே போனால் மறுபடியும் கனியின் கால். இரண்டையும் விட எதை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருந்தேன்.

மறுநாள் காலையில் இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு மூன்றாவது மாடியில் போய் நின்றேன். நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் நிற்கிற உணர்வே இல்லை. இடுப்புக்குக் கீழே ஒரு பாரமும் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன், தூக்கலான பல்லோடு. முதலில் வந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டு, எதிரே உட்கார்ந்து புடவை கேட்டார். இதற்குத்தானே இத்தனை நாள் ஏங்கினேன்.

பிறகு புத்தி வேறு பக்கம் திரும்பியது. மேலே அவள் உட்கார்ந்திருக்கிறாள், என் காலை வாங்கிக்கொண்டு. தெரியட்டும் என்று நினைத்தேன். கிடங்கு கீழ்த்தளத்தில் இருக்கிறது, லிப்ட் இருக்கிறது. நான் லிப்டில் போகவில்லை, படியில் போனேன். ஓடியே ஏறினேன். ஒரு கட்டுக்குப் பதில் இரண்டு கட்டுத் தூக்கி வந்தேன். வாடிக்கையாளர் இல்லாதபோதும் நுனிக்காலில் நின்று மேல்தட்டைத் துடைத்தேன். "வாங்கு, நல்லா வாங்கு" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே துடைத்தேன். ஒவ்வொரு படிக்கும் மேலே அவள் முகம் கோணுவதைக் கற்பனை செய்தேன். இனிப்பாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டையும் நின்றுகொண்டே தின்றேன்.

பக்கத்துக் கவுண்டரில் ரஹ்மத் நிஷா, மேலப்பாளையத்துப் பிள்ளை, ஆரம்பத்திலிருந்து கனிக்குப் பக்கத்தில் நின்றவள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் கிட்டே வந்தாள்.

"என்னட்டி இப்படிப் பேயா ஓடுத? கனி செத்துருவா."

"சாவட்டும். இத்தன நாளு நான் சாகலையா?"

"உனக்காவ அவ எவ்வளவு பட்டிருக்கான்னு தெரியுமா உனக்கு?"

"ஆமா, ரொம்பப் பட்டா. மேனேஜர் ரூம்ல சோபால இருந்து பட்டா."

ரஹ்மத் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எந்த மேனேஜர் ரூம்பு? அந்தா இருக்கு பாரு, கட்டைப்பை அடுக்கி வச்ச எடம், அதுக்குப் பின்னாலதான் குத்தவச்சு இருப்பா. மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். ஒனக்குத்தான் ஒண்ணும் வலிக்காதே, பின்ன என்னத்துக்குட்டி உக்காருதன்னு நான் அவகிட்ட கேப்பேன். உலகு பாவம்லா, செத்த நேரம் எறக்கி வைப்போம்ன்னுவா. தங்கவேல் அண்ணாச்சி கையில எத்தனையோ தரம் மாட்டிக்கிட்டா. எல்லாரு முன்னாலயும் வஞ்சாரு. படத்துலருந்து எடுத்துருவேன்னாரு. கேக்கலியே. மேடம் வார நேரத்துல இவ உக்காந்து தொலைச்சா என்ன செய்யன்னுதான மேல தூக்கிப் போட்டாவ. உனக்குத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கால் வழியாகத்தான் எல்லாம் தெரியும். வலி வடிந்தது தெரிந்தது. எதற்காக வடிந்தது என்பதை அந்தப் பட்டை சொல்லவில்லை, நானே கற்பனை செய்து எழுதிக்கொண்டேன். அவள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மத்தியானமா என்று கேட்டது இப்போதுதான் எனக்கு விளங்கியது. நேரம் கேட்டிருக்கிறாள்.

அப்போது எனக்குக் கண்ணீர் பொங்கியது என்று சொல்ல ஆசைதான். பொங்கவில்லை. பொறாமைதான் வந்தது, முன்பைவிட அதிகமாக. அவளுக்கு ஒரு வலியும் இல்லை, உட்கார வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் யோசித்துப் போய் உட்கார்ந்திருக்கிறாள். நான் எட்டாவது மாடியில் ஒரு யுகமாக அந்த வலியை வாங்கியவள், அது எப்படி இருக்கும் என்று தெரிந்தவள். தளத்துக்கு வந்த முதல் நாளே படியில் ஏறி இறங்கி அதை அவள்மேல் ஏற்றினேன். முகத்தில் என்னைவிட லட்சணம், சரி, அது அவள் அப்பா அம்மா கொடுத்தது. இதிலுமா அவள் முந்த வேண்டும்? எனக்குத் தாங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் லிப்ட் திறந்தது. முன்னால் தங்கவேல் அண்ணாச்சி, பின்னால் மேனேஜர், நடுவில் குழுத் தலைவி நசீமா பானு மேடம், ஹரிஹரன் சார், இன்னும் யார் யாரோ. மேடம் ஒவ்வொரு கவுண்டராகப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டு நின்றோம். என் முன்னால் வந்து நின்றவர், கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நாற்காலி புதிது மாதிரியே இருந்தது, வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

"எல்லா மாடியிலயும் பாத்துட்டேன். ஒரு நாற்காலியிலயும் யாரும் உட்கார்ந்த மாதிரி தெரியலியே. ஏம்மா?" என்று கேட்டார்.

"சொல்லும்மா, மேடம் கேக்காங்கள்ல" என்றார் அண்ணாச்சி. குரலில் தேன்.

நான் சொல்ல வேண்டியது எனக்கு மனப்பாடம். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. காலையிலிருந்து ஓடியிருக்கிறேன், ஒரு களைப்பும் இல்லை, உட்காரவும் தோன்றவில்லை. வாயைத் திறந்து அதைச் சொல்லிவிட்டால் நாளைக்கும் இதே இடம், இதே சிரிப்பு, நாளைக்கு வருகிறவர்கள் உலகு இல்லையா என்று கேட்பார்கள்.

நாற்காலியை இழுத்தேன். உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் தாள் சரசரத்தது. எனக்கு அதனால் ஒரு சுகமும் இல்லை, நிற்பதற்கும் உட்காருவதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. அண்ணாச்சியின் முகம் கறுத்துவிட்டது. ஹரிஹரன் சார் என் இடுப்புப் பட்டையை உற்றுப் பார்த்தார், பழுதாகிவிட்டதோ என்று.

மேடம் குனிந்து, "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்ல மேடம், நல்லாத்தான் இருக்கேன்," என்றேன். "மேல எட்டாவது மாடியில ஒரு பிள்ளைக்குக் கால் வலிக்கி. அதான் உக்காந்தேன்."